பிறந்தநாளில் பெட்டி மாற்றுவதா?

கிஸிம்மி,
ஏப்ரல் 16, வியாழன்

அன்பு மகள் யாரிட்சாவுக்கு,

அப்பா அன்செல்மோ எழுதுவது. நீயும் மாப்பிள்ளை லைலும் என் பேத்தி லின்னியாவும் அந்த டுலூத் குளிரில் சளி, இருமல் என்று எதுவும் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் சௌக்கியத்தைக் கேட்டால், முழங்கால் பழைய மாதிரிதான், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் கட்டுக்குள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் உண்மையைச் சொல்கிறேன், சாப்பாடு நன்றாகவே இறங்குகிறது, திட்டிக்கொண்டே சாப்பிடுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டு நாய் குரைக்காது. கடைசி வரிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் நீ அனுப்பிய அந்த அட்டவணை. என் போனில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்ததால் நூலகத்துக்குப் போய் அச்செடுத்தேன். அங்கே வேலை பார்க்கும் பெண் தாளைப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக் கல்யாணம் சார் என்று கேட்டாள். கல்யாணம் இல்லையம்மா, விவாகரத்து என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய்யா அது? ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று ராத்திரியும் நாரை லாட்ஜில், உன் அம்மா மிக்டாலியாவோடும் அவள் புருஷன் வெண்டலோடும், பச்சை நிறம். புதன், வியாழன், வெள்ளி பவளத்தீவு ரிசார்ட்டில் என்னோடு, நீல நிறம். நடுவில் ஜூன் பத்தாம் தேதி புதன்கிழமை, என் பேத்திக்கு எட்டு வயது நிறைகிற நாள், அந்தக் கட்டத்தை மட்டும் குறுக்கே கோடு போட்டுப் பாதி பச்சை, பாதி நீலம். காலை எட்டு மணிக்கு அம்மாவோடு கேக். பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்வது. சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பாவோடு இன்னொரு கேக். நடுவில் பதினொன்றிலிருந்து நாலுவரை சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு சொல், இடமாற்றம். குழந்தையின் பிறந்தநாளில் பாதிப் பகலுக்கு நீ வைத்த பெயர் இடமாற்றம். இதை எந்தக் கையால் எழுதினாய் நீ?

இரண்டு ரிசார்ட்டில் தங்குவதற்கு நீ சொன்ன காரணங்களையெல்லாம் நான் கேட்டுக்கொண்டேன். நாரை லாட்ஜிலிருந்து படகில் ஏறினால் கோட்டைப் பூங்கா பத்து நிமிஷம், பவளத்தீவிலிருந்து விலங்குப் பூங்கா பக்கம், அங்கே நீச்சல்குளத்தில் சறுக்கு இருக்கிறது, லாட்ஜில் இல்லை, ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? இருபத்துநாலு வருஷம் அந்த ரிசார்ட்டுகளின் வாசலில் நின்று ஜனங்களின் பெட்டியைத் தூக்கியவன் நான். உன்னை மாதிரிப் பிரித்துப் பிரித்துத் தங்க வருகிறவர்களுக்கு நாங்கள் பாதிக்காரர்கள் என்று பெயர் வைத்திருந்தோம். காலையில் ஒருத்தன் வந்து நாலு பெட்டியை இறக்கி, இது பவளத்தீவுக்குப் போகணும் என்றால் போதும், வந்துட்டான்யா பாதிக்காரன் என்று எங்கள் மேஸ்திரி கண்ணடிப்பார். சிரித்தபடியே பெட்டியில் அட்டையைக் கட்டுவோம், எங்கிருந்து, எங்கே, எத்தனை உருப்படி என்று எழுதுவோம், கவலையே படாதீங்க, நீங்க போய் ஜாலியா சுத்திட்டு வாங்க, உங்களுக்கு முன்னாடி பெட்டி அங்கே இருக்கும் என்போம். அது பாதிதான் உண்மை.

அந்த நாள் எப்படிப் போகும் என்று நான் சொல்கிறேன், நீ அட்டவணையில் எழுதிக்கொள். முந்தின ராத்திரி வாணவேடிக்கை பார்த்துவிட்டுப் பதினோரு மணிக்குத் தூங்கிய குழந்தையை ஆறரைக்கு எழுப்ப வேண்டும், ஏனென்றால் பெட்டி கட்ட வேண்டும். நீச்சல் துணி காய்ந்திருக்காது, அதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று நீயும் லைலும் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சண்டை போடுவீர்கள். பால், தயிர் எதையும் பெட்டி கொண்டுபோகும் வேனில் ஏற்ற மாட்டார்கள், தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், இல்லாவிட்டால் குப்பையில் போட வேண்டும். பதினோரு மணிக்குக் கதவு பூட்டிக்கொள்ளும், சாவிக்குப் பதிலாகக் கையில் கட்டின பட்டையைக் காட்டினாலும் திறக்காது. அப்புறம் நாலு மணிவரைக்கும் உங்களுக்கு ஊரில் ஒரு கட்டில் கிடையாது, சொந்தமாக ஒரு கக்கூஸ் கிடையாது. ஜூன் மாதம் மூன்று மணி ஆனால் இங்கே மழை கொட்டும் என்பது உனக்கு மறந்துபோயிருக்காது, நனைந்தால் மாற்றுத் துணி எங்கே, வேனில். வேன் எங்கே, நாலாவது ரிசார்ட்டில். நாலு மணிக்கு அறை தயார் என்று போனுக்குத் தகவல் வரும் என்பார்கள், அஞ்சு மணிக்கு வரும். அதுவரைக்கும் முன்கூடத்து சோபாவில் செருப்போடு தூங்கும் குழந்தைகளை எத்தனை பார்த்திருக்கிறேன் தெரியுமா, பிறந்தநாள் பேட்ஜ் சட்டையில் குத்தியிருக்கும், வாயைத் திறந்துகொண்டு தூங்கும்.

ஒருமுறை ஓஹையோக்காரக் குடும்பம் ஒன்று. அஞ்சு வயசுப் பெண் குழந்தை, அதற்கு ஒரு துணி யானை, ஒற்றைக் காது. காலை அவசரத்தில் அந்த அம்மா யானையைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள், நானும் அட்டை கட்டி அனுப்பிவிட்டேன். மத்தியானம் குழந்தைக்குத் தூக்கம் வந்தது, யானை இல்லை. அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. நான் வேன் ஓட்டுகிறவனைப் போனில் பிடித்து, என் சாப்பாட்டு நேரத்தில் மூன்று ரிசார்ட் அலைந்து யானையை எடுத்துக்கொண்டு வந்தேன். குழந்தை தேம்பித் தேம்பித் தூங்கிப்போயிருந்தது. அந்த அம்மா யானையை வாங்கிக் குழந்தை கைக்குள் வைத்துவிட்டு, தூங்குகிற குழந்தையிடம் மன்னிச்சுக்கோடி, மன்னிச்சுக்கோடி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புதிதாய்ப் பெட்டி மாற்றுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. லின்னியாவிடம் அந்த நீலக் கரடி பொம்மை இன்னும் இருக்கிறதல்லவா?

இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை போனில் நிதானமாகச் சொல்ல வந்தேன். என் நிதானம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், சரி. ஆனால் நீ என்ன சொன்னாய்? கொஞ்சம்கூடக் குரல் ஏறாமல், பல் டாக்டரிடம் நேரம் குறிக்கிறவள் மாதிரி சொன்னாய், 'அப்பா, நீங்க கவலைப்படாதீங்க. பாதி எடுத்து வெச்சு, பாதி விட்டுட்டு வர்றதுல நான் ஒம்பது வயசுலயே தேறிட்டேன். எனக்குப் பெட்டி கட்ட இருபது நிமிஷம் போதும். லின்னியாவும் கத்துக்குவா' என்று.

லின்னியாவும் கத்துக்குவாளா? எதைக் கற்றுக்கொள்வாள்? எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அப்படின்னா வராதே, யாரும் வர வேண்டாம், அங்கேயே பனியில கேக் வெட்டிக்கோங்க என்று கத்தினேன். சொன்னது தப்பு. ஆனால் நீ செய்தது அதைவிடப் பெரிய தப்பு. நீ ஆசி கேட்காமல் போனை வைத்தாய். நம் வீட்டில் அப்படி ஒருத்தர் செய்ததுண்டா? பேச்சு சரியாக வராத வயதிலேயே, தூங்கப் போகும்போது 'ஆசி, அப்பா' என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவாய், கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார் என்று நான் சொன்னால்தான் தலையணையில் தலை வைப்பாய். பதினாறு வயதில் அந்த மோட்டார் சைக்கிள் பையனுக்காக என்னோடு பத்து நாள் பேசாமல் இருந்தாயே, அப்போதுகூடச் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து 'ஆசி' என்று ஒரு குரல் வரும், நானும் கதவைப் பார்த்து ஆசீர்வதித்துவிட்டுப் போவேன். முப்பத்தாறு வருஷத்தில் முதல்முறையாக ஞாயிற்றுக்கிழமை போன் வெறுமனே டொக்கென்று நின்றது. நான் பதிலைத் தயாராக வாயில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அப்பா, இந்த ஏற்பாட்டுக்கே நீங்கதானே காரணம் என்பாய். ஜனவரியில் நீ கூப்பிட்டாய், எல்லாரும் ஒரே இடத்துல ஆறு நாள் தங்கலாமாப்பா, அம்மாவும் வருவாங்க என்று கேட்டாய். உங்கம்மா தங்குற ஹோட்டல்ல எனக்குப் பச்சைத் தண்ணி வேண்டாம் என்று நான் சொன்னேன். ஆமாம், சொன்னேன். சொன்னதை இல்லை என்கிற ஆள் நான் இல்லை. ஆனால் நான் ஆயிரம் சொல்வேன், கிழவன் சொல்கிறான் என்று நீ விட்டிருக்க வேண்டாமா? முடியாது, ஒரே ஹோட்டல்தான், இஷ்டமிருந்தா வாங்க, இல்லேன்னா வீட்டுல உக்காந்து டிவி பாருங்க என்று நீ ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் முணுமுணுத்துக்கொண்டு வந்திருப்பேன். நீ சத்தம் போடவில்லை. சரிப்பா என்றாய், வண்ணம் தீட்டினாய், அட்டவணை போட்டாய், யார் மனதும் நோகாமல் பிறந்தநாளைக் கத்தியால் வகுந்தாய். இவ்வளவு சுலபமாக இது உனக்கு வருகிறதே, அதுதான் யாரி எனக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் எழுந்ததும், இதற்கெல்லாம் மூல காரணம் உன் அம்மாதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. நான் வந்தால் வர மாட்டேன் என்று அவளும் உன்னிடம் சொல்லியிருப்பாள், அவளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டால்தான் மனசு ஆறும் என்று வண்டியை எடுத்தேன். அவள் வீடு இங்கிருந்து இருபது நிமிஷம், இருபத்தேழு வருஷமாக நான் அந்த வாசலில் கால் வைத்ததில்லை. கதவைத் திறந்தது வெண்டல். அந்த மனுஷனை வெறுக்கலாம் என்றால் அதற்கும் விட மாட்டேன் என்கிறான், என்னைப் பார்த்ததும் ஏதோ எதிர்பார்த்த விருந்தாளி மாதிரி, உள்ளே வாங்க அன்செல்மோ, இப்பதான் சோள ரொட்டி எடுத்தேன் என்கிறான். நான் சண்டை போட வந்திருக்கேன் வெண்டல் என்றேன். சண்டை போட்டுட்டு சாப்பிடுங்க, அதுக்குள்ள கொஞ்சம் ஆறிடும் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டான்.

உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து அதே வாக்கியத்தைச் சொன்னாயாமே, லின்னியாவும் கத்துக்குவா என்று. அவளும் உன்னிடம் கத்தினாளாம். அவளிடமும் நீ ஆசி கேட்கவில்லையாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள், 'உன்னாலதான் எல்லாம். நீ வர்ற இடத்துக்கு நான் வரமாட்டேன்னு நான் சொன்னதே, நீ முதல்ல அப்படிச் சொல்லிடுவேன்னுதான்' என்றாள். இது என்ன நியாயம் என்று கேட்டேன். நியாயத்தைப் பத்தி நீ பேசாதே என்றாள். அரைமணி நேரம் நடந்தது. பழசெல்லாம் வந்தது, உன் அத்தையின் கல்யாணம், விற்ற பச்சைக் கார், எல்லாம். திடீரென்று அவள், இரு என்று சொல்லிவிட்டு கராஜுக்குப் போனாள். கிறிஸ்துமஸ் சாமான்கள் இருக்கும் அலமாரியிலிருந்து ஊதா நிறப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா யாரி அந்தப் பை? முன்னால் முயல் படம், ஜிப் பாதியில் மாட்டிக்கொள்ளும். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்த பிறகு ஒன்பது வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் ஆறு மணிக்கு நெடுஞ்சாலை சூப்பர்மார்க்கெட்டின் வண்டி நிறுத்தத்தில். அவள் வாசலுக்கு நான் போக மாட்டேன், என் வாசலுக்கு அவள் வர மாட்டாள், அதனால் நடு இடம். இரண்டு காரும் எதிரெதிரே நிற்கும், இரண்டு பேரும் இறங்க மாட்டோம். நீ இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு நடப்பாய். மழையிலும் நடந்திருக்கிறாய். நான் கண்ணாடித் துடைப்பானைப் போட்டுவிட்டு, நீ ஏறிவிட்டாயா என்று பார்ப்பேன். இறங்கிக் குடை பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என்ன மனுஷன் நான்?

அந்தப் பையின் கைப்பிடியில் இன்னும் என் அட்டை தொங்குகிறது. முதல் வாரம் நீ அழுதாய் என்று, சிரிக்க வைக்கலாம் என்று வேலையிடத்திலிருந்து ஒன்று கொண்டுவந்து கட்டினேன், இப்ப நீயும் வி.ஐ.பி. என்று சொன்னேன், நீ சிரித்தாய். நான் அதை என் சாமர்த்தியம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், நண்பர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்தில் இருக்கிறது, எங்கிருந்து: அப்பா. எங்கே: அம்மா. எத்தனை உருப்படி: 1. அந்த ஒன்றை யாரோ பென்சிலால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 2 என்று எழுதியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்த வளைந்த இரண்டு யாருடையது என்று எனக்குத் தெரியாதா. பை ஒன்று, நீ ஒன்று. உன் அம்மா என் எதிரில் நின்றுகொண்டு, 'இருபத்துநாலு வருஷம் பெட்டி எண்ணின ஆளு நீ. இது உன் கண்ணுல படலையா?' என்றாள். பையை நீதானே இத்தனை வருஷம் வெச்சிருந்தே, நீ எப்பப் பார்த்தே என்று நான் திருப்பிக் கேட்டேன். நேத்து ராத்திரி என்றாள். வெண்டல் வந்து சோள ரொட்டியை வைத்துவிட்டுப் போனான். சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது, அதை அவனிடம் சொல்லிவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. இரண்டு ரிசார்ட் கிடையாது. ஒன்றுதான். ஞாயிறு முதல் சனி காலைவரை ஆறு ராத்திரியும் நாரை லாட்ஜ். பவளத்தீவுதான் நல்லது, சறுக்கு இருக்கிறது என்று நான் எவ்வளவோ வாதாடினேன், உன் அம்மா கேட்கவில்லை. 'பவளத்தீவுல பஸ் நிக்கிற இடத்துக்குப் போறதுக்கே ஒரு பஸ் வேணும். அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நீ எங்கே நடப்பே?' என்றாள். என் முழங்கால் வலி அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், நீ சொல்லியிருக்கிறாய். என் உடம்பைப் பற்றி அங்கே போய்ச் சொல்ல யார் கொடுத்த அதிகாரம்? அதற்கு வேறு தனியாகக் கோபம் இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் சொன்னது சரிதான், அந்த நடை எனக்கு ஆகாது. நான் நாரை லாட்ஜில் பழைய ஆட்களிடம் கேட்டுவிட்டேன், அந்த வாரம் முழுக்க மூன்று அறை இருக்கிறது, வருகிற திங்கட்கிழமை சாயங்காலம்வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். பதிவு உன் பெயரில் இருப்பதால் மாற்றுவது உன் கையில்தான் இருக்கிறது. நானோ உன் அம்மாவோ உனக்குப் பதிலாகச் செய்ய முடியாது. வராதே என்று நான் கத்தினதை நீ மனதில் வைத்துக்கொண்டு வராமல் இருந்தாலும் அதுவும் உன் கையில்தான். அதனால்தான் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், சனிக்கிழமை உன்னிடம் வந்துவிடும்.

நாங்கள் சண்டை போட மாட்டோம் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. படகில் யார் எங்கே உட்காருவது என்று முதல் நாளே ஆரம்பித்துவிடுவோம். போட்டால் போடுகிறோம், பேத்தி பார்க்கட்டும், இரண்டு கிழங்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருத்தர் தட்டிலிருந்து இன்னொருத்தர் வறுத்த வாழைக்காயைத் திருடிக்கொண்டு சண்டை போடுவதைப் பார்த்துச் சிரிக்கட்டும். புதன்கிழமை காலையில் அவளை யாரும் எழுப்பக் கூடாது, தானாக எழும்வரை தூங்கட்டும். பெட்டி எல்லாம் அறையிலேயே கிடக்கும், கரடி கட்டிலிலேயே கிடக்கும், மழை வந்தால் அறைக்கு ஓடி வந்து துணி மாற்றிக்கொண்டு மறுபடியும் போவோம். கேக் ஒன்று, பெரியது, உன் அம்மா செய்வாள், தேங்காய்ப்பால் போட்டு. பன்றிக்கறியும் பச்சைத் துவரைச் சோறும் என் பொறுப்பு, சனிக்கிழமை வீட்டிலேயே செய்துவிடுவேன், ஞாயிறு எடுத்துக்கொண்டு வருவேன். முன்கூடத்தில் இருக்கிற பையன்கள் எனக்குத் தெரிந்தவர்கள், கண்டுகொள்ள மாட்டார்கள்.

மாப்பிள்ளையிடம் சொல், போன தடவை வெயிலில் வெந்த இறால் மாதிரி ஆனது போதும், இந்தத் தடவை களிம்பு காதுக்குப் பின்னாலும் தடவ வேண்டும். மழைச்சட்டை அங்கே வாங்காதே, நான் இங்கே வாங்கி வைக்கிறேன். எல்லாருக்கும் இரண்டு ஜோடிக் காலுறை அதிகம் வை. நம் மாமரம் இந்த வருஷம் மூச்சுவிடாமல் காய்த்திருக்கிறது, நீங்கள் வரும்போது பழுக்கும். லின்னியாவின் பெட்டி சிறியதாக இருக்கட்டும், அவளே இழுக்கும் அளவுக்கு, ஆனால் அவள் இழுக்க வேண்டாம், நான் இழுக்கிறேன். அட்டை எதுவும் கட்ட மாட்டேன். எண்ணுவதை மட்டும் வாசலிலேயே நின்று எண்ணுவேன், நீ, லைல், லின்னியா, உன் அம்மா, வெண்டல், நான். ஆறு பேரும் ஒரே படியில் ஏறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நான் ஏறுவேன்.

இதை உன் அம்மாவிடம் எடுத்துக்கொண்டு போய்க் கீழே கையெழுத்து வாங்கித்தான் தபாலில் சேர்ப்பேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தாளில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது உனக்கு ஒன்பது வயதில், அந்த நீதிமன்றத் தாளில். அதில் எங்கேயும் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தாளில் கேட்கிறோம். வா யாரி.

என் கோபம் இன்னும் தீரவில்லை, பாதிதான் உன் மேல், மீதி யார் மேல் என்று உனக்குத் தெரியும். நீ கேட்காவிட்டாலும் நான் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாயிலேயே இருக்கிறது. கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார் மகளே, உன் வீட்டையும் உன் குழந்தையையும். திங்கள் சாயங்காலத்தை மறந்துவிடாதே.

உன் அப்பா,
அன்செல்மோ

யாரி, உங்கப்பன் எழுதினதைப் படிச்சேன். சோள ரொட்டி மூணு துண்டு தின்னதை எழுதலை. குடை பிடிக்காம கார்ல உக்காந்திருந்தது அவர் மட்டும் இல்லை, எதிர்க் கார்ல நானும்தான், அதையும் எழுதலை. மத்ததெல்லாம் சரி. என் ஆசியும் உனக்கு உண்டு. போனை எடு.
அம்மா, மிக்டாலியா